நுரையீரலில் நோடியூல்: பூஞ்சையா, டிபியா, புற்றுநோயா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி.டி. ஸ்கேனில் நோடியூல் தெரிகிறது. "பூஞ்சையாக இருக்கலாம், டிபியாக இருக்கலாம், கேன்சர் இல்லை என்றும் இப்போதே சொல்ல முடியாது" என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எழுதியது இது. 'இருக்கலாம்' என்பதை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தூங்கி எழுவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் குழப்பம் ஏன் வருகிறது, எதைச் செய்தால் குறையும், எதைச் செய்தால் கூடும் என்பதை முடிந்த அளவு விளக்கமாகச் சொல்கிறேன். சிகிச்சை முடிவு உங்கள் மருத்துவருடையது. அவரிடம் சரியான கேள்வியைக் கேட்க இது உதவினால் போதும்.

நோடியூல் என்று எழுதியிருந்தாலே கட்டி என்று அர்த்தமா?

நுரையீரலில் 3 செ.மீ. வரை உள்ள, ஏறக்குறைய உருண்டையான எந்தப் புள்ளியையும் நோடியூல் என்றுதான் எழுதுவார்கள். அதைத் தாண்டினால் 'மாஸ்' என்பார்கள். எப்போதோ வந்து ஆறிய தொற்றின் தழும்பு, இப்போது இருக்கும் தொற்று, நுரையீரலுக்குள்ளேயே இருக்கும் சின்ன நிணநீர்க் கணு, தீங்கில்லாத கட்டி, புற்றுநோய் எல்லாமே படத்தில் இப்படித் தெரியக்கூடியவை.

பயத்தைக் கொஞ்சம் அளவோடு வைத்துக்கொள்ள ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவில் நீண்ட காலம் அதிகமாகப் புகைபிடித்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2011-ல் வெளியானது. அதில் 'சந்தேகம்' என்று குறிக்கப்பட்ட ஸ்கேன்களில் 96.4 சதவீதம் கடைசியில் புற்றுநோயாக இல்லை. ஆபத்து அதிகமுள்ள கூட்டத்திலேயே நிலைமை இதுதான்.

பூஞ்சை எப்படி நுரையீரலுக்குள் போனது? நான் சுத்தமாகத்தானே இருக்கிறேன்?

சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. பூஞ்சை வித்துகள் காற்றில் இருக்கின்றன, எல்லோரும் மூச்சோடு இழுக்கிறோம். ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை, பறவை, வௌவால் எச்சம் கலந்த மண்ணில் வளரும். அமெரிக்காவின் ஒஹையோ, மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் அதிகம், கங்கைச் சமவெளியிலும் உண்டு. கோக்சிடியாய்டிஸ் அரிசோனா, கலிஃபோர்னியா பக்கத்து வறண்ட மண்ணில் இருப்பது. கிரிப்டோகாக்கஸ் புறா எச்சத்திலும் சில மரங்களிலும் இருக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் இல்லாத ஊரே இல்லை.

உள்ளே போன வித்தை உடம்பின் எதிர்ப்பு செல்கள் சுற்றி வளைத்து அடைத்துவிடும். இப்படி உருவாகும் திரளுக்கு கிரானுலோமா என்று பெயர். நாளாக ஆக அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகும். பலருக்கு இது நடந்ததே தெரியாது. கோக்சிடியாய்டிஸ் தொற்றியவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு எந்த அறிகுறியும் வருவதில்லை. அதனால்தான் மருத்துவர் "எங்கெல்லாம் குடியிருந்தீர்கள், எங்கே பயணம் போனீர்கள், குகை, பழைய கட்டடம், பறவைக் கூண்டு என்று எங்காவது வேலை செய்தீர்களா" என்று பல வருடம் பின்னோக்கிக் கேட்கிறார். யோசித்துப் பதில் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனைக்கு எழுத வேண்டும் என்பதே பல நேரம் அந்தப் பதிலில் இருந்துதான் முடிவாகும்.

வீட்டில் இருப்பவர்களுக்குப் பரவுமா?

நுரையீரல் பூஞ்சைத் தொற்று இருமல் வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. ஆனால் டிபி பரவும். டிபி இல்லை என்று உறுதியாகும் வரை முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவு நவீன ஸ்கேன் இருந்தும் ஏன் உறுதியாகச் சொல்ல முடியவில்லை?

ஸ்கேன் காட்டுவது உருவத்தை. பூஞ்சை, டிபி, புற்றுநோய் மூன்றும் ஒரே உருவத்தில் வரக்கூடியவை. முள்முள்ளாக விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் புற்றுநோய்ச் சந்தேகம் கூடும், ஆனால் ஆறிக்கொண்டிருக்கும் கிரானுலோமாவுக்கும் அப்படி விளிம்பு வரும். நடுவில் குழி விழுவது மூன்றிலும் உண்டு.

இருந்தாலும் சில அடையாளங்கள் ஏறக்குறைய பதிலையே சொல்லிவிடும். நோடியூலின் நடுவிலோ, முழுக்கவோ, அடுக்கடுக்காகவோ சுண்ணாம்பு படிந்திருந்தால் அது ஆறிய பழைய தொற்று. அதோடு மார்பின் நடுவில் உள்ள நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் அதேபோல் சுண்ணாம்புப் புள்ளிகள் இருந்தால், ஹிஸ்டோபிளாஸ்மா வந்து போன தடம் என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. சுண்ணாம்பு ஓரமாக மட்டும் ஒதுங்கியிருந்தால் அந்த நிம்மதி கிடையாது.

பழைய டிபி குழிக்குள் ஆஸ்பர்ஜில்லஸ் பந்துபோல் வளர்ந்திருந்தால் பந்துக்கும் குழிச் சுவருக்கும் நடுவில் பிறைபோல் காற்று தெரியும். முதலில் மல்லாந்து படுக்க வைத்துப் படம் எடுப்பார்கள், பிறகு குப்புறப் படுக்கச் சொல்லி எடுப்பார்கள். உள்ளே இருக்கும் பந்து இடம் மாறி உருண்டிருந்தால் அது பூஞ்சைப் பந்துதான் என்ற முடிவுக்கு நெருங்கிவிடலாம். ஊசி, மருந்து எதுவும் தேவைப்படாத சோதனை இது.

எதிர்ப்புச்சக்தி மிகக் குறைந்தவர்களுக்கு, குறிப்பாகக் கீமோதெரபியால் வெள்ளணுக்கள் விழுந்திருக்கும்போது, நோடியூலைச் சுற்றி மங்கலான வளையம் தெரிந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் ஊடுருவுகிறது என்று எடுத்துக்கொண்டு உடனே சிகிச்சை தொடங்குவார்கள். அங்கே உறுதிக்காகக் காத்திருப்பதே ஆபத்து.

பெட் ஸ்கேனில் நோடியூல் பளிச்சென்று தெரிந்தது. அப்படியானால் கேன்சர்தானே?

இல்லை. ஊசி வழியாகச் செலுத்தும் சர்க்கரை மருந்தை எந்தத் திசு அதிகம் இழுக்கிறது என்பதைத்தான் பெட் ஸ்கேன் காட்டும். தொற்றோடு சண்டை போடும் செல்களும் சர்க்கரையை வாரி இழுக்கும். ஹிஸ்டோபிளாஸ்மா, கோக்சிடியாய்டிஸ், கிரிப்டோகாக்கஸ், டிபி எல்லாமே பெட்டில் பளிச்சென்று தெரியக்கூடியவை. இந்தத் தொற்றுகள் சகஜமாக உள்ள பகுதிகளில் பெட் ஸ்கேனை மட்டும் வைத்து ஒருவரிடம் 'கேன்சர்' என்று சொல்வது அநியாயம் என்பது என் கருத்து. மறுபக்கமும் உண்டு: 8 மி.மீ.-க்குக் கீழே உள்ள நோடியூலிலும், மெதுவாக வளரும் சில புற்றுநோய்களிலும் பெட் ஒன்றும் காட்டாமல் போகலாம்.

ரத்தப் பரிசோதனையில் பூஞ்சை நெகட்டிவ். அப்புறம் ஏன் இன்னும் சந்தேகப்படுகிறார்கள்?

'பூஞ்சை டெஸ்ட்' என்று பொதுவாக ஒன்று கிடையாது. எந்தப் பூஞ்சை என்று ஊகித்து, அதற்கான சோதனையைச் செய்ய வேண்டும்.

பீட்டா டி குளூக்கான் என்ற சோதனை பல பூஞ்சைகளைப் பிடிக்கும், ஆனால் கிரிப்டோகாக்கஸையும் மியூகரையும் (கருப்புப் பூஞ்சை) பிடிக்காது. டயாலிசிஸ் செய்பவர்களுக்கும், இம்யூனோகுளோபுலின் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் பூஞ்சையே இல்லாமல் பாசிட்டிவ் காட்டவும் செய்யும். கேலக்டோமன்னான் ஆஸ்பர்ஜில்லஸுக்கானது. வெள்ளணுக்கள் விழுந்தவர்களின் ரத்தத்தில் நன்றாக வேலை செய்யும். மற்றவர்களுக்கு ரத்தத்தைவிட, பிராங்கோஸ்கோபி செய்து (மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டு) நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் பார்ப்பதே பலன் தரும். நாள்பட்ட ஆஸ்பர்ஜில்லஸ் தொற்றுக்குப் பார்க்க வேண்டியது ரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள். கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் (அந்தப் பூஞ்சையின் துணுக்கைத் தேடுவது) மிக நம்பகமான சோதனை. இருந்தும், ஆரோக்கியமான ஒருவருக்கு நுரையீரலில் ஒரே ஒரு நோடியூல் மட்டும் இருந்தால் அதுவும் நெகட்டிவ் வரலாம். ஹிஸ்டோபிளாஸ்மாவைச் சிறுநீரில் தேடும் ஆன்டிஜென் சோதனை உடம்பெல்லாம் பரவிய நோயில்தான் கைகொடுக்கும்; தனி நோடியூலில் பெரும்பாலும் நெகட்டிவ்தான்.

பூஞ்சை எவ்வளவு குறைவாக, எவ்வளவு இறுக்கமாக அடைபட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு ரத்தத்தில் அதன் சாயல் தெரியாது. ஆகவே பாசிட்டிவ் வந்தால் அதற்கு எடை உண்டு, நெகட்டிவ் வந்ததை வைத்து மட்டும் பூஞ்சையை ஒதுக்கிவிட முடியாது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது "எந்தப் பூஞ்சைக்கான சோதனை இது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சளி கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கேண்டிடா வளர்ந்திருக்கிறது. காரணம் கிடைத்துவிட்டதா?

கிடைக்கவில்லை. கேண்டிடா என்ற பூஞ்சை பலருடைய வாயிலேயே குடியிருப்பது, சளி வெளியே வரும் வழியில் ஒட்டிக்கொள்ளும். நுரையீரல் நோடியூலுக்கு அது காரணமாவது மிக அபூர்வம். இதை வைத்து மருந்தை ஆரம்பித்துவிட்டு உண்மையான காரணத்தைத் தேடாமல் விடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

பயாப்சி (திசு எடுத்துச் சோதிப்பது) செய்ய வேண்டுமா, காத்திருந்து பார்க்கலாமா?

முதலில் பழைய படங்களைத் தேடுங்கள். என்றைக்கோ விபத்துக்கு எடுத்த சி.டி., அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரே, இதயத்துக்கு எடுத்த ஸ்கேன், வயிற்று ஸ்கேனில் தெரியும் நுரையீரலின் அடிப்பகுதி என்று எதுவானாலும் சரி. இரண்டு வருடத்துக்கு முன்பே அதே இடத்தில் அதே அளவில் திடமான நோடியூல் இருந்திருந்தால், பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். விலை உயர்ந்த எந்தப் புதுச் சோதனையையும் விட வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய ஃபிலிமுக்கு மதிப்பு அதிகம். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. சி.டி. தகட்டை அப்படியே கொண்டுபோய், இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய படம் இல்லையென்றால் அளவும் ஆபத்தும் முடிவு செய்யும். மார்பு ஸ்கேன் நிபுணர்களின் ஃப்ளைஷ்னர் சங்கம் தந்த 2017 வழிகாட்டுதல்படி, 6 மி.மீ.-க்குக் குறைவான ஒற்றைத் திட நோடியூலுக்கு, ஆபத்து குறைந்தவர்களில், தொடர் ஸ்கேன் தேவையில்லை. 6 முதல் 8 மி.மீ. என்றால் 6 முதல் 12 மாதத்தில் மறு ஸ்கேன். 8 மி.மீ.-க்கு மேல் என்றால் 3 மாதத்தில் மறு ஸ்கேன், பெட் ஸ்கேன், பயாப்சி ஆகியவற்றில் எது பொருந்தும் என்று பார்ப்பார்கள். புகைப்பழக்கம், குடும்பத்தில் நுரையீரல் புற்றுநோய், வயது, நுரையீரலின் மேல் மடலில் நோடியூல் இருப்பது போன்றவை ஆபத்தைக் கூட்டும். கவனிக்க வேண்டியது: 35 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்கள், எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஸ்டீராய்டு எடுப்பவரும் உறுப்பு மாற்று செய்துகொண்டவரும் "சின்னதுதானே" என்று மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

காத்திருப்பது கைவிடுவது ஆகாது, அதுவும் ஒரு பரிசோதனையே. திடமான நுரையீரல் புற்றுநோய்கள் பெரும்பாலும் 400 நாளுக்குள் கன அளவில் இரட்டிப்பாகிவிடும். ஒரு மாதத்துக்குள்ளேயே இரட்டித்தால் தொற்றின் பக்கம் சாய்வார்கள். குறுக்களவு 8 மி.மீ.-லிருந்து 10 ஆனாலே கன அளவு இரட்டித்துவிட்டது என்று பொருள்.

அடுத்த ஸ்கேனில் 1 மி.மீ. கூடியிருக்கிறது. வளர்கிறதா?

அந்த அளவு வித்தியாசம் அளப்பதிலேயே வரும். மூச்சை எவ்வளவு இழுத்துப் பிடித்தீர்கள் என்பதில்கூட மாறும். 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடினால்தான் வளர்ச்சி என்று கணக்கில் எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே முறையில் ஸ்கேன் எடுத்தால் இந்தக் குழப்பம் குறையும்.

பயாப்சி முடிவானது. எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: எடுக்கிற திசு முழுவதும் ஃபார்மலின் (திசுவைக் கெடாமல் வைக்கும் திரவம்) பாட்டிலுக்குப் போய்விடக் கூடாது.

கேன்சர் என்ற எண்ணத்தோடு ஊசி போடும்போது, எடுத்த நூல் போன்ற திசுத் துண்டுகள் அத்தனையையும் ஃபார்மலினில் போட்டு பேத்தாலஜிக்கு (திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் பிரிவு) அனுப்புவது வழக்கம். ஃபார்மலினில் பூஞ்சையும் டிபி கிருமியும் செத்துவிடும். அதன் பிறகு கல்ச்சரில் ஒன்றும் வளராது. ஒரு துண்டையாவது வெறும் சலைனில் (உப்புநீர்) போட்டு மைக்ரோபயாலஜிக்கு (கிருமிகளைச் சோதிக்கும் பிரிவு) அனுப்ப வேண்டும்: பூஞ்சை கல்ச்சர், டிபி கல்ச்சர், டிபிக்கான ஜீன் சோதனை என்று தனித்தனியாக எழுதி. முந்தின நாளே மருத்துவரிடம் "கல்ச்சருக்கும் அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். தயங்காதீர்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கோக்சிடியாய்டிஸ் உள்ள பகுதிக்குப் போய்வந்திருந்தால் அதையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அது கல்ச்சரில் வளர்ந்தால் ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கே தொற்றும் அபாயம் உண்டு.

ஏற்கெனவே எல்லாம் ஃபார்மலினுக்குப் போய்விட்டதா? மெழுகுக் கட்டியாகச் சேமித்து வைத்த திசுவில் இருந்தே பூஞ்சையின் மரபணுவைத் தேடும் வசதி சில ஆய்வகங்களில் இருக்கிறது. அந்தக் கட்டியைத் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

ஆபத்தைப் பொறுத்தவரை, வெளியிலிருந்து சி.டி. பார்த்து ஊசி போடும்போது 4 அல்லது 5 பேரில் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியும். பெரும்பாலும் தானாகச் சரியாகும், சிலருக்கு மட்டும் குழாய் போட வேண்டிவரும்.

ரிப்போர்ட்டில் "கிரானுலோமா, கேன்சர் செல்கள் இல்லை" என்று இருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

பாதி நிம்மதி. கிரானுலோமா தெளிவாகத் தெரிந்தால் அது உருப்படியான பதில். ஆனால் டிபியா, பூஞ்சையா, சார்காய்டோசிஸா (தொற்று இல்லாமலே கிரானுலோமா உண்டாகும் நோய்) என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அழுகிய மையத்தோடு கூடிய கிரானுலோமாவைப் பார்த்ததும் டிபி என்று எழுதிவிடும் பழக்கம் உண்டு, ஹிஸ்டோபிளாஸ்மாவிலும் அச்சு அசலாக அதே தோற்றம்தான். ஆகவே டிபி கிருமிக்கான சாயத்தோடு, பூஞ்சைக்கான வெள்ளிச் சாயமும் போட்டார்களா என்று பாருங்கள். ஹிஸ்டோபிளாஸ்மா 2 முதல் 4 மைக்ரான்தான் இருக்கும். சாதாரணச் சாயத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

சாயத்தில் பூஞ்சை தெரிந்து, கல்ச்சரில் வளராமல் போனால் குழம்ப வேண்டாம். பழைய கிரானுலோமாவுக்குள் இருப்பது செத்த பூஞ்சை. கல்ச்சர் முடிவுக்கு 6 வாரம்கூட ஆகலாம், முதல் வார 'நெகட்டிவ்' இறுதியானதல்ல.

"அழற்சி மட்டும், கேன்சர் செல்கள் இல்லை" என்று மட்டும் வந்தால் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசி நோடியூலுக்குப் பக்கத்தில் குத்தியிருக்கலாம். மறுபடி பயாப்சி அல்லது கெடு வைத்து மறு ஸ்கேன், இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும்.

"டிபி மருந்தையோ பூஞ்சை மருந்தையோ கொடுத்துப் பார்ப்போம்" என்கிறார்கள். சரியா?

நோயாளி மோசமாக இருக்கும்போது சரி. நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவருக்கு, மாதிரி எதுவும் எடுக்காமல் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நோடியூல் சுருங்கினால் எதனால் என்று தெரியாது, சுருங்காவிட்டால் மாதங்கள் போயிருக்கும். அது புற்றுநோயாக இருந்தால் அந்த மாதங்கள் திரும்பி வராது. முதலில் மாதிரி, பிறகு மருந்து.

இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிபி மருந்தான ரிஃபாம்பிசின், பூஞ்சை மருந்துகளான இட்ரகோனசோல், வோரிகோனசோல் ஆகியவற்றின் அளவை ரத்தத்தில் அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். பூஞ்சை மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பீர்கள், பூஞ்சைக்கு மருந்து போய்ச் சேராது.

ஸ்டீராய்டு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். சார்காய்டோசிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுக்க, உள்ளே இருந்தது ஹிஸ்டோபிளாஸ்மாவாக இருந்தால் அது உடம்பெங்கும் பரவும். "பூஞ்சை, டிபி இரண்டும் இல்லை என்று பார்த்தாயிற்றா?" என்று கேட்காமல் முதல் மாத்திரையைப் போடாதீர்கள்.

பூஞ்சை என்று உறுதியானால் எல்லோருக்கும் மருந்து வேண்டுமா?

வேண்டாம். ஆறிப்போன ஹிஸ்டோபிளாஸ்மா நோடியூலுக்கு மருந்தே தேவையில்லை. ஆரோக்கியமானவருக்கு அறிகுறியில்லாத கோக்சிடியாய்டிஸ் நோடியூலும் அப்படியே. கிரிப்டோகாக்கஸ் நுரையீரல் நோய்க்கு வழக்கமாக ஃபுளூகோனசோல், 6 முதல் 12 மாதம்; எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்களுக்கு மூளை உறைக்குப் பரவியிருக்கிறதா என்று முதுகுத் தண்டுநீரையும் பார்ப்பார்கள். ஊடுருவும் ஆஸ்பர்ஜில்லஸுக்கு வோரிகோனசோல் போன்றவை. மியூகருக்கு வோரிகோனசோல் வேலை செய்யாது; எந்தப் பூஞ்சை என்று தெரிய வேண்டும் என்று இவ்வளவு வலியுறுத்துவது இதற்காகவும்தான்.

இட்ரகோனசோல் கேப்சூலைச் சாப்பாட்டோடு போட வேண்டும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு சேர்த்தால் உடம்பில் சேராது. அதே மருந்து திரவமாகக் கொடுத்தால் வெறும் வயிற்றில். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உட்பட, ஏற்கெனவே எடுப்பதை எல்லாம் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகும் படத்தில் தழும்பு இருக்கும். அது முழுக்க மறைய வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

இருமலில் ரத்தம் வந்தால், அளவு குறைவாக இருந்தாலும் அன்றே தெரிவியுங்கள். ஆஸ்பர்ஜில்லஸ் பந்து உள்ளவர்களுக்குத் திடீரென்று அதிகமாகக் கொட்டக்கூடும், அப்படி ஆனால் அது அவசர சிகிச்சை. பயாப்சி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நெஞ்சு வலியோ மூச்சிரைப்போ வந்தாலும் அப்படியே. கிரிப்டோகாக்கஸ் சந்தேகம் உள்ளவருக்கு விடாத தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு வந்தால் இரவு என்று பார்க்காதீர்கள். கீமோதெரபியில் இருப்பவருக்கும் உறுப்பு மாற்று செய்துகொண்டவருக்கும் காய்ச்சல் வந்தாலே போதும், கிளம்பிவிடுங்கள். போகும்போது சி.டி. தகடு, மருந்துப் பட்டியல், வந்து சேராத கல்ச்சர் முடிவுகளின் விவரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, பணியில் இருக்கும் மருத்துவரிடம் "நுரையீரலில் நோடியூல் இருக்கிறது, பூஞ்சை என்று சந்தேகம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.